குருதி வெல்லமும் இல்லத்து அளவுகோலும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மேதை ஒருவர் ஆய்வுகூடத்தில் உண்மை ஒன்றைக் காண்கிறார். அது மனிதகுலத்துக்கு வழங்கப்படுகிறது. நோயாளர் அதனை நன்றியுடன் பெற்றுக்கொள்கின்றனர். இத்தகைய வரலாற்றில் நோயாளருக்குப் பெறுவோர் என்ற பாத்திரமே உண்டு. அறிவோர் என்ற பாத்திரம் இல்லை. இக்குறைபாட்டினை உணர்த்துவதற்கு நீரிழிவைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது. ஏனெனில், நோயாளி தன் உடலின் நிலையைத் தானே அளந்து, அவ்வளவை அடிப்படையாகக் கொண்டு நாள்தோறும் தானே முடிவெடுக்க வேண்டிய நிலையை இந்நோய் தோற்றுவித்துள்ளது.

இன்று குளுக்கோமீற்றர் எனும் சிறு கருவி பல இல்லங்களிற் புழங்குகின்றது. விரல் நுனியிலிருந்து ஒரு துளிக் குருதி, சில விநாடிகள், அதன்பின் ஓர் எண். நீரிழிவு உண்டெனப் புதிதாக அறிவிக்கப்பட்ட ஒருவருக்கு அவ்வெண் பெரும்பாலும் தீர்ப்பாகவே தோன்றுகின்றது. 112 எனின் ஆறுதல்; 196 எனின் குற்றவுணர்வு. அவ்வெண் எவ்வாறு உருவாயிற்று, அதற்கு எல்லை வகுத்தோர் யாவர், எத்தகைய சமூக உறவுகளினூடாக அது இல்லத்துக்குள் வந்து சேர்ந்தது என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எண்ணின் வரலாற்றை அறிவது, எண்ணைச் சரியாக வாசிப்பதற்கான முன்தேவை என்பது நமது துணிபு.

1. எறும்பும் நாவும்

நீரிழிவு பற்றிய தொன்மையான குறிப்புகளில் அளவை என்பது புலனறிவின் வழிப்பட்டதே. சரகர், சுசுருதர் பெயரால் வழங்கும் சங்கிதைகள் பிரமேகத்தை இருபது வகைப்படுத்தி, தேனின் இயல்புடைய சிறுநீரைக் கொண்டதை மதுமேகம் எனச் சுட்டின. சிறுநீரை எறும்பு மொய்த்தல் நோய்க்குறியாகக் கொள்ளப்பட்டது. அக்காலத்து ஆய்வுகூடம் முற்றத்து மண்ணே என்று கூறலாம்.

சுசுருத சங்கிதை இந்நோய்க்கு வகுத்த சிகிச்சையில், சமூகவியல் நோக்கிற் கவனத்துக்குரிய ஒரு செய்தி உண்டு. பொருளும் துணையும் அற்ற நோயாளி செருப்பும் குடையுமின்றி, இரந்துண்டு, நூறு யோசனை தூரம் நடக்குமாறு பணிக்கப்படுகிறான். கிணறு தோண்டலும் சிகிச்சையாகின்றது. உடலுழைப்பால் நோய் தணியும் என்ற அவதானிப்பு இதனுள் உறைந்துள்ளது. அது இன்றைய அறிவியலும் ஏற்கும் உண்மையே. ஆயின் அவ்வுண்மை நோயாளியின் வர்க்க நிலைக்கேற்ற கட்டளையாக உருப்பெற்றுள்ளமை மனங்கொள்ளத்தக்கது. நோயை அறிபவர் ஒருவர், நடப்பவர் வேறொருவர் என்ற பிரிவினை மிகப் பழையதாகும்.

ஐரோப்பாவில் ஆங்கிலேய மருத்துவர் தோமஸ் வில்லிஸ் 1674இல் வெளிவந்த தமது நூலில், நீரிழிவாளரின் சிறுநீர் தேன்போல் இனிக்கும் எனப் பதிவு செய்தார். அவர் பயன்படுத்திய கருவியும் நாவே. இவ்வினிப்பு வெறும் சுவையன்று, ஒரு பொருள் என நிறுவியவர் மத்தியூ டொப்சன். 1776இல் வெளியான ஆய்வில், நோயாளியின் சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்துச் சீனியை ஒத்த வெண்பொருளைப் பெற்றதோடு, குருதியின் திரவப் பகுதியும் இனிப்பதை அவர் கண்டார். நோய் சிறுநீரகத்தின் குறைபாடு மட்டுமன்று, உடல் முழுவதற்கும் உரியது என்ற கருத்துக்கு இது வழிவகுத்தது.

டொப்சன் பணியாற்றிய நகர் லிவர்பூல். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பிரித்தானிய அடிமை வாணிகத்தின் தலைமைத் துறைமுகம் அதுவே. ஆபிரிக்க அடிமைகளின் உழைப்பால் மேற்கிந்தியத் தீவுகளில் விளைந்த சீனி அத்துறைமுகத்தின் ஊடாக ஆங்கிலேயர் இல்லங்களை அடைந்தது. சீனி உண்பதனாலேயே ஒருவருக்கு நீரிழிவு வருகிறது என்பது இதன் பொருளன்று. அத்தகைய எளிய சமன்பாடு தவறானது. சீனியை ஒரு வெகுசன நுகர்பொருளாக மாற்றிய உற்பத்தி முறையும், சீனியை உடலினுள் ஒரு பொருளாகக் கண்ட விஞ்ஞானமும் ஒரே காலத்தில் ஒரே நகரிற் சந்தித்தன என்பதே நாம் வற்புறுத்த விரும்புவது.

2. நீலக் கரைசலின் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு இரசாயனத்தின் நூற்றாண்டு. 1815இல் செவ்ரோல் நீரிழிவாளரின் சிறுநீரிலுள்ள வெல்லம் முந்திரிகை வெல்லமே, அதாவது குளுக்கோசே, என்று காட்டினார். 1848இல் ஃபேலிங் என்பாரும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெனடிக்ற் என்பாரும் செப்பு உப்புக் கரைசல்களைக் கொண்டு வெல்லத்தை அறியும் முறைகளை வகுத்தனர். நீலக் கரைசலுடன் சிறுநீரைச் சேர்த்துச் சூடாக்க, அது பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், செங்கட்டிச் சிவப்பு என நிறமாறும். நமது பாடசாலை ஆய்வுகூடங்களிற் பயின்றோர் பலரும் இச்சோதனையை அறிவர்.

1922 சனவரியில் ரொறன்ரோ நகரிற் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் முதன்முதலாகச் செலுத்தப்பட்டமை ஒரு திருப்புமுனையாகும். பன்ரிங், பெஸ்ற், கொலிப் ஆகியோர் தமது காப்புரிமையைத் தலா ஒரு டொலருக்கு ரொறன்ரோப் பல்கலைக்கழகத்திடம் கையளித்தனர். பட்டினிச் சிகிச்சையால் நாட்களை எண்ணிக்கொண்டிருந்த நோயாளர் பல்லாண்டுகள் வாழத் தொடங்கினர். ஆனால் இன்சுலின் புதியதொரு முரண்பாட்டையும் தோற்றுவித்தது. குறைவாகச் செலுத்தினால் வெல்லம் உயரும். மிகையாகச் செலுத்தினால் அது அபாயகரமாகத் தாழும். ஆகவே இன்சுலின் பயன்படுத்துவோருக்கு அளவை தவிர்க்கமுடியாத நாளாந்தத் தேவையாயிற்று. பொஸ்ரன் நகர மருத்துவர் எலியற் ஜொஸ்லின் 1918இலேயே நோயாளரும் வாசிக்கத்தக்க கைந்நூல் ஒன்றை வெளியிட்டு, வீட்டிலேயே சிறுநீரைச் சோதிக்கப் பயிற்றினார். நோயாளியை மாணவராகக் கண்ட முன்னோடிகளுள் அவர் ஒருவர்.

எனினும் சிறுநீர்ச் சோதனைக்கு இயல்பான ஓர் எல்லை இருந்தது. பொதுவாகக் குருதியிற் குளுக்கோசு டெசிலீற்றருக்கு 180 மில்லிகிராம் அளவைத் தாண்டிய பின்னரே சிறுநீரகம் அதனை வெளியேவிடும். இவ்வெல்லை ஆளுக்காள் வேறுபடும். எனவே 60 உள்ளவருக்கும் 160 உள்ளவருக்கும் கரைசல் நீலமாகவே நிற்கும். சிறுநீர் கூறுவது முன்சென்ற சில மணி நேரத்தின் கதை, இக்கணத்தின் உண்மையன்று. குருதியை அளப்பதோ ஆய்வுகூடத்தின் தனியுரிமையாகவே நெடுங்காலம் இருந்தது.

3. அளவைக் கருவி யாருடையது?

1956ஆம் ஆண்டை அண்டி, ஐக்கிய அமெரிக்காவின் மைல்ஸ் நிறுவனத்தின் ஏம்ஸ் பிரிவிற் பணியாற்றிய ஹெலன் ஃபிரீ, அல்ஃபிரட் ஃபிரீ தம்பதியர், சிறுநீரில் தோய்த்து நிறம் பார்க்கும் பட்டியை உருவாக்கினர். 1960களின் நடுப்பகுதியில் அதே நிறுவனம் குருதிக்கான பட்டியை வெளியிட்டது. துளிக் குருதியை அதன்மீது இட்டு, ஒரு நிமிடத்தின் பின் கழுவி, நிற அட்டையுடன் ஒப்பிடல் வேண்டும். 1970இல், அந்நிறத்தை ஒளியின் தெறிப்பைக் கொண்டு அளந்து எண்ணாகக் காட்டும் கருவி வந்தது. அது ஏறத்தாழ ஒரு கிலோகிராம் நிறையும் பல நூறு டொலர் விலையும் கொண்டது. மருத்துவர்க்கும் வைத்தியசாலைகளுக்குமே விற்கப்பட்டது.

இவ்விடத்து ரிச்சர்ட் பேர்ன்ஸ்ரைன் என்பாரின் வரலாறு குறிப்பிடத்தக்கது. சிறுவயது முதல் நீரிழிவுக்கு ஆளான அவர் ஒரு பொறியியலாளர். கருவியைத் தாமே வாங்க இயலாமையால், மருத்துவரான தம் மனைவியின் பெயரில் அதனைப் பெற்றார். நாளொன்றுக்குப் பல தடவை தம் குருதியை அளந்து, உணவையும் இன்சுலினையும் அதற்கேற்ப மாற்றி, வெல்லத்தின் ஏற்றவிறக்கத்தைக் கட்டுப்படுத்தினார். தமது அனுபவத்தைக் கட்டுரையாக்கி அனுப்பியபோது மருத்துவ இதழ்கள் அதனை ஏற்கவில்லை. ஈற்றில் 1979இல், தமது நாற்பத்தைந்தாவது வயதில், மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து பட்டம் பெற்றார்; 2025இல் மறையும்வரை நீரிழிவு மருத்துவராகவே விளங்கினார். உணவு பற்றிய அவரது கடுமையான விதிகள் எல்லோராலும் ஏற்றுக்கொள்ளப்பட்டவையல்ல. ஆயினும், தன் உடலைப் பற்றித் தானே திரட்டிய சான்றினைச் செல்லுபடியாக்க ஒரு நோயாளி மருத்துவராக மாறவேண்டியிருந்தது என்ற உண்மை, அறிவின் உடைமை உறவுகளைத் தெளிவாகக் காட்டுகின்றது. பட்டியும் கருவியும் இருந்தன. அவற்றை யார் கையாளலாம் என்பதே பிரச்சினையாக இருந்தது.

1978இல் இலண்டனிலிருந்தும் நொட்டிங்ஹாமிலிருந்தும் வந்த ஆய்வறிக்கைகள் ‘லான்செற்’ இதழில் வெளியாயின. சாதாரண நோயாளர் வீட்டிலேயே குருதியை அளக்க வல்லவர் என்பதும், அதனால் கட்டுப்பாடு மேம்படுகின்றது என்பதும் அவற்றால் நிறுவப்பட்டன. 1987இல் பேனா வடிவிலான மின்னிரசாயனக் கருவி சந்தைக்கு வந்தது. 1983 முதல் 1993 வரை ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் முதலாம் வகை நீரிழிவு கொண்ட 1,441 பேரிடம் நிகழ்த்தப்பட்ட பேராய்வு, அடிக்கடி அளந்து குருதி வெல்லத்தை இயல்புநிலைக்கு அண்மையில் வைத்திருப்போருக்குக் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் சிக்கல்கள் பெரிதும் குறைகின்றன என்பதை ஐயத்துக்கிடமின்றிக் காட்டியது. நாவிலிருந்து ஆய்வுகூடத்துக்குச் சென்ற அளவை, அங்கிருந்து இல்லத்துக்கு வந்து சேர்ந்த வரலாறு இதுவாகும்.

4. எல்லைக்கோடும் எண்ணும்

எந்த எண் நோயைக் குறிக்கின்றது? இவ்வினாவுக்கும் வரலாறு உண்டு. 1980இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்ற அளவுகோலின்படி, உணவுண்ணா நிலையில் 140 மில்லிகிராமும் அதற்கு மேலும் நீரிழிவு. 1997இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கமும், 1999இல் உலக சுகாதார நிறுவனமும் இவ்வெல்லையை 126 ஆகக் குறைத்தன. நேற்று 130 உடன் நோயற்றவராயிருந்தவர், உடலில் எந்த மாற்றமுமின்றி இன்று நோயாளரானார். இதனால் எல்லை கற்பனையானது என்று கொள்ளுதல் பிழை. எந்த மட்டத்திற்கு மேல் கண்ணின் விழித்திரைச் சேதம் மிகுந்து காணப்படுகின்றது என்ற அவதானிப்பு இதற்கு அடிப்படையாயிருந்தது. ஆயினும் தொடர்ச்சியானதோர் அளவில் கோடு கிழிப்பது மனிதரின் செயலே. உடல் தானாகக் கோடு கிழிப்பதில்லை. அளவு மாற்றம் பண்பு மாற்றமாவதை நாம் அறிவோம். அப்பண்பு மாற்றம் எவ்விடத்தே நிகழ்ந்ததெனப் பெயரிடுவதோ சமூகத்தின் தீர்மானம்.

நோயுண்டா என்பதை நிர்ணயிப்பது ஆய்வுகூடச் சோதனையே, வீட்டுக் கருவியன்று. வீட்டுக் கருவி துல்லியமான தராசுமன்று. 2013ஆம் ஆண்டின் சர்வதேசத் தர நியமப்படி, 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள பெறுமானங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து, ஆய்வுகூட அளவிலிருந்து 15 சதவீதத்துக்குட்பட்டு அமைந்தாற் போதுமானது. அதாவது உண்மையளவு 126 ஆயின், கருவி 107 என்றோ 145 என்றோ காட்டுவதும் நியமத்துக்கு உட்பட்டதே. அடுத்தடுத்து இருமுறை அளந்து 138, 149 எனக் காண்போர், பதினொரு நிமிடத்தில் பதினொரு மில்லிகிராம் ஏறியதெனக் கலங்க வேண்டியதில்லை. அவ்விரண்டும் ஒரே செய்தியே. அலகும் நாட்டுக்கு நாடு வேறுபடும். பிரித்தானியாவில் 7 எனப்படுவது நம் நாட்டு வழக்கில் 126; அங்குள்ள எண்ணைப் பதினெட்டாற் பெருக்க நமது எண் கிடைக்கும்.

5. எண்ணை வாசித்தல்

இலக்கிய மாணவர் நன்கறிந்த விதியொன்று உண்டு: சொல்லொன்று தான் நிற்கும் இடத்தாலேயே பொருள் பெறும். குருதி வெல்லத்தின் எண்ணுக்கும் இவ்விதி பொருந்தும்.

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஐந்து லீற்றர் குருதி உண்டு. டெசிலீற்றருக்கு 100 மில்லிகிராம் எனின், முழுக் குருதியிலும் உள்ள குளுக்கோசு ஐந்து கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி அளவு. ஒரு கோப்பை சோறோ இரண்டு துண்டுப் புட்டோ இதனைப்போற் பன்மடங்கு குளுக்கோசைக் குருதிக்குத் தரவல்லது. நீரிழிவற்றவரில் இன்சுலின் அதனை விரைந்து தசைகளுக்குள்ளும் ஈரலுக்குள்ளும் செலுத்துகின்றது. நீரிழிவாளரில் அச்செயல் மந்தமாகின்றது. ஆகவே உணவுக்கு முன் 118 ஆக இருந்தது, இரண்டு மணி நேரத்தின் பின் 172 ஆவது வியப்பன்று. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் பெரும்பாலான வளர்ந்தோருக்கு வகுத்துள்ள இலக்கு, உணவுக்கு முன் 80 முதல் 130 வரையும், உணவின் பின் 180க்குட்பட்டும் ஆகும். முதியோர், கர்ப்பிணிகள், பிற நோயுள்ளோர் ஆகியோருக்கு இலக்கு வேறுபடும். அதனை வைத்தியருடன் கலந்தே தீர்மானித்தல் வேண்டும்.

புதிதாக நோய் காணப்பட்டோரை மிகவும் குழப்புவது காலை அளவு. இரவு குறைவாக உண்டு படுத்தும், விடியலில் 158 எனக் கருவி காட்டும். இதில் ஒழுக்கக் குறைவு எதுவுமில்லை. ஈரல் இரவு முழுவதும் குருதிக்குக் குளுக்கோசை வழங்கிக்கொண்டிருக்கின்றது. விடியற்காலையிற் சுரக்கும் சில ஓமோன்கள் அவ்வழங்கலை மிகுவிக்கின்றன. அதனைத் தணிக்க வேண்டிய இன்சுலின் போதாதபோது, உண்ணாமலே வெல்லம் உயர்கின்றது. இதற்குப் பரிகாரம் பட்டினியன்று. சில நாட்களின் காலை அளவுகளைக் குறித்துச் சென்று மருந்தின் நேரத்தையும் அளவையும் பற்றி வைத்தியருடன் உரையாடுவதே.

ஆகவே தனியெண் பயன் குறைந்தது. சோடியெண்ணும் தொடரெண்ணும் பயன் மிக்கவை. உணவுக்கு முன்னும் இரண்டு மணி நேரத்தின் பின்னும் அளந்து, உண்டது என்ன, எவ்வளவு, அதன்பின் நடந்தோமா என்பதையும் எழுதிவைத்தால், எண் கதை சொல்லத் தொடங்கும். காய்ச்சலும் கிருமித்தொற்றும் ஸ்ரீரொயிட் மருந்துகளும் வெல்லத்தை உயர்த்தும். மாம்பழம் உண்ட கையைக் கழுவாமற் குத்தினால் விரலிலுள்ள சாறே அளக்கப்படும். நமது காலநிலையின் ஈரப்பதன் திறந்துவைத்த பட்டிகளைப் பழுதாக்கும். 70க்குக் குறைந்த எண் மட்டும் ஆராய்ச்சிக்குக் காத்திருக்கக் கூடாதது: ஏறத்தாழ 15 கிராம் குளுக்கோசையோ சீனியையோ உடனே உட்கொண்டு, பதினைந்து நிமிடத்தின் பின் மீண்டும் அளக்க வேண்டும். மயக்கமுற்றவருக்கு வாயால் எதனையும் கொடுத்தல் தகாது. உடனடியாக வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

வீட்டளவோடு இணைத்து நோக்கவேண்டியது எச்பிஏ1சி எனும் சோதனை. குளுக்கோசு குருதியின் ஈமோகுளோபினோடு ஒட்டிக்கொள்வதால், அது இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டும். 1968ஆம் ஆண்டளவில் தெகரானில் நீரிழிவாளரின் குருதியில் இவ்வசாதாரண ஈமோகுளோபினைக் கண்டவர் சாமுவேல் ராபர் எனும் ஈரானிய ஆய்வாளர். 7 சதவீதம் என்பது ஏறத்தாழ 154 மில்லிகிராம் சராசரிக்குச் சமம். ஆயின் சராசரி ஏற்றவிறக்கங்களை மறைக்கும். குருதிச்சோகை போன்றன அதனைப் பிழையாக்கவும் கூடும். சராசரியும் கணப்பொழுதும் ஒன்றையொன்று நிறைவு செய்வன.

6. விடுதலையும் கண்காணிப்பும்

அளவை இல்லத்துக்கு வந்தமை விடுதலையா? இன்சுலின் பயன்படுத்துவோரைப் பொறுத்தவரை விடை தெளிவானது: அளவையின்றிப் பாதுகாப்பான வாழ்வு இல்லை. இன்சுலின் பயன்படுத்தாத இரண்டாம் வகை நீரிழிவாளரைப் பொறுத்தவரை விடை சிக்கலானது. 2007இல் இங்கிலாந்திலிருந்து 453 பேரைக் கொண்டு வெளிவந்த ஆய்வு, வீட்டிலே அளந்தோருக்கும் அளக்காதோருக்கும் ஓராண்டின் பின் கட்டுப்பாட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லையெனக் கண்டது. 2008இல் வட அயர்லாந்திற் புதிதாக நோய் காணப்பட்டோரிடம் நிகழ்த்திய ஆய்வு, அளந்தோரிடம் மனச்சோர்வு சற்று மிகுந்திருந்ததையும் காட்டியது.

இம்முடிவுகளைக் கொண்டு அளவை பயனற்றது எனக் கூறுவோர் உளர். நமது முடிபு வேறு. செயலாக மாற்ற இயலாத அறிவு சுமையாகின்றது என்பதே இவ்வாய்வுகள் உணர்த்துவது. எண்ணை வாசிக்கக் கற்பிக்கப்படாதவருக்கும், வாசித்தபின் உணவையோ வேலை நேரத்தையோ மருந்தையோ மாற்றும் சுதந்திரமற்றவருக்கும் கருவி ஒரு கண்காணியாகவே அமையும். இரவுமுறை வேலைசெய்யும் தொழிலாளியிடமும், மலிந்த மாவையும் சீனித் தேநீரையும் தவிர வேறு காலையுணவு வாய்க்காத தோட்டத் தொழிலாளியிடமும் ‘உங்கள் எண் கூடிவிட்டது’ என்று மட்டும் கூறுதல், சமூக நிலைமையைத் தனிமனித ஒழுக்கமாகத் திரித்தலாகும்.

இதனோடு சரக்கின் பிரச்சினையும் உண்டு. 1978இல் பேயர் நிறுவனம் மைல்சை வாங்கியது. 1998இல் ரோஷ் நிறுவனம் போரிங்கர் மன்ஹைமை வாங்கியது. கருவியை மலிவாகக் கொடுத்துப் பட்டியில் இலாபம் காணும் முறை இத்துறையில் நிலைபெற்றது. கருவியை ஒருமுறை வாங்கலாம். பட்டியை வாழ்நாள் முழுவதும் வாங்க வேண்டும். இலங்கையில் 2005, 2006ஆம் ஆண்டுகளிற் சேகரிக்கப்பட்ட தரவுகளின்படி வளர்ந்தோரிற் பத்திலொருவருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களுள் மூன்றிலொருவருக்கும் மேற்பட்டோர் அதனை அறியாதிருந்தனர். அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் சோதனையும் மருந்தும் இலவசம் என்பது நம் மக்கள் பெற்ற பெரும்பேறு. இல்லத்துப் பட்டியோ பெரும்பாலும் கடையிற் பணங்கொடுத்துப் பெறுவது. 2022ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடி, இறக்குமதியில் தங்கிய மருத்துவத்தின் நலிவை எல்லோருக்கும் உணர்த்தியது.

இந்நிலைக்கு மாற்றுண்டு என்பதற்கு நம் நாட்டு வரலாறே சான்று. 1971இல் கம்யூனிஸ்ட் தலைவர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் பேராசிரியர் சேனக பிபிலேயும் மருந்துகள் பற்றிய அறிக்கையை முன்வைத்தனர். அதனையொட்டி அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதற்றலைவராகப் பிபிலே பணியாற்றினார். வணிகப் பெயர்களை விடுத்து மூலப் பெயர்களால், பகிரங்கக் கேள்விமூலம், தேவையான மருந்துகளை மட்டும் வாங்கும் கொள்கை அவருடையது. அக்கொள்கையைப் பரிசோதனைப் பட்டிக்கும் விரித்தல் இயலாததன்று. இன்சுலின் பயன்படுத்துவோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதலிலும், புதிதாக நோய் காணப்பட்டோருக்குக் கற்கும் காலமாகிய சில மாதங்களுக்கும் பட்டிகள் கிளினிக்கூடாக வழங்கப்படல் வேண்டும். எண்ணை வாசிக்கும் பயிற்சி தமிழிலும் சிங்களத்திலும் அளிக்கப்படல் வேண்டும். நோயாளி எழுதிவரும் குறிப்புப் புத்தகம், மேலோட்டமாகப் புரட்டித் திருப்பிக் கொடுக்கப்படும் தாளாக அன்றி, சிகிச்சைத் தீர்மானத்தின் ஆவணமாக மதிக்கப்படல் வேண்டும்.

எறும்பு கண்டதை நா உறுதிசெய்தது. நா கண்டதை நீலக் கரைசல் எண்ணாக்கும் வழியில் இட்டது. அவ்வெண் இன்று நோயாளியின் கைக்கு வந்துள்ளது. கருவி கைமாறிவிட்டது, அதனைப் பொருள்கொள்ளும் அதிகாரம் இன்னும் முழுமையாகக் கைமாறவில்லை. 196 என்ற எண்ணைக் கண்டு தலைகுனியும் ஒருவர், ‘இது எவ்வேளையின் எண், எதன்பின் வந்தது, இதனை மாற்ற எனக்கு எது தேவை, அது ஏன் எனக்குக் கிடைக்கவில்லை’ என்று வினவத் தொடங்கும்போதே அக்கைமாற்றம் நிறைவுறும்.